இரையும் மடிக்கணினி: குற்றவாளி காற்றாடியா?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. இன்று பல வீடுகளில் மடிக்கணினியின் காற்றாடி அந்த அம்பின் நிலையில்தான் இருக்கிறது. பிள்ளை பாடம் படிக்கும்போது ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். அப்பா எட்டிப் பார்த்து, “இது இனி உதவாது, வேறு வாங்க வேண்டியதுதான்” என்கிறார். அம்மாவோ, “இன்னும் தவணையே கட்டி முடியலையே” என்று கவலைப்படுகிறார். இரண்டு பேரும் பேசுவது காற்றாடியைப் பற்றி. ஆனால், இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று.

இந்தக் கேள்வி இப்போது அதிகம் எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. சிங்கப்பூரில் அதே ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி நோய் முறியடிப்புத் திட்டம் நடப்புக்கு வந்தது. இல்லிருப்புக் கற்றலுக்காகவும் வீட்டிலிருந்து வேலை செய்வதற்காகவும் அந்த ஈராண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை எடுத்து மடிக்கணினி வாங்கின. அந்தக் கணினிகளுக்கு இப்போது ஐந்து, ஆறு வயது. உள்ளே தூசு சேர்ந்து, வெப்பப் பசை காய்ந்து, காற்றாடி சத்தம் போடத் தொடங்கும் வயது இதுதான். இதற்காக நல்ல கணினியைத் தூக்கி எறிவதா, அல்லது கொஞ்சம் கவனித்து இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்துவதா? ஒரு குடும்பத்தின் இரண்டாயிரம், மூவாயிரம் வெள்ளி இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

காற்றாடி ஏன் சுற்றுகிறது?

கணினிக்குள் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. சாதாரண மெல்லிய மடிக்கணினியின் மையச் செயலி 15 வாட் அளவில் இயங்கும். 15 வாட் தானே என்று நினைக்க வேண்டாம். பழைய 15 வாட் குண்டு பல்பு சிறிது நேரம் எரிந்த பிறகு அதைக் கையால் தொட முடியுமா? அதே அளவு வெப்பம் இங்கே விரல் நகம் போன்ற சிறிய சில்லிலிருந்து வருகிறது. விளையாட்டுகளுக்கென வாங்கும் கணினிகளில் செயலியும் வரைகலைச் சில்லும் சேர்ந்து 100 வாட்டையும் தாண்டும்.

இந்த வெப்பத்தை வெளியே கொண்டுவர உள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறது. செயலியின் மேல் ஒரு செப்புத் தகடு. அதிலிருந்து தட்டையான செப்புக் குழாய் ஒன்று ஓரத்திற்குச் செல்லும். அந்தக் குழாய்க்குள் காற்று நீக்கப்பட்டு, மிகச் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் நீராகித் திரும்பி வரும். குளிர்ந்த முனையில் சீப்பின் பற்களைப் போல நெருக்கமான உலோகத் தகடுகள் இருக்கும். அந்தத் தகடுகளின் இடையே காற்றைத் தள்ளுவதுதான் காற்றாடியின் வேலை.

எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதைக் காற்றாடி தானாக முடிவு செய்வதில்லை. வெப்பத்தை அளக்கும் உணரி சொல்கிறது; அதன்படி அது வேகத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது. ஆகவே காற்றாடி இரைகிறது என்றால் உள்ளே காய்ச்சல் அடிக்கிறது என்று பொருள். காய்ச்சலுக்கு வெப்பமானியைத் திட்டி என்ன பயன்?

நம் நாட்டு வெயிலும் வீட்டுப் புகையும்

வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறும் என்பது, உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. 24 டிகிரி குளிரூட்டிய அறையில் அமைதியாக இருக்கும் கணினி, 33 டிகிரி மதிய வெயிலில் வரவேற்பறையில் இரைவது இயல்புதான். இது கோளாறு அல்ல. நம் தட்பவெப்பத்தில் காற்றாடிக்கு வேலை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இதற்கு மேல் நம் வீட்டுப் பழக்கங்களும் சேர்ந்து கொள்கின்றன. சாமி அறையில் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, சமையலறையில் தாளிக்கும் எண்ணெய்ப் புகை, குழந்தைக்குப் போடும் பவுடர், செல்லப் பூனையின் முடி, இவை எல்லாம் காற்றில்தான் மிதக்கின்றன. காற்றாடி அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. எண்ணெய்ப் பசை கலந்த தூசு அந்தச் சீப்புப் பற்களின் வாயில் கம்பளி போலப் படிந்துவிடும். வழி அடைத்தால் காற்றாடி இன்னும் வேகமாகச் சுற்றும். இன்னும் தூசை இழுக்கும். சாம்பிராணி போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கணினியை அணைத்து, மூடி வைத்தாலே போதும்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

வைத்தியர் முதலில் நாடி பிடித்துப் பார்ப்பார், பிறகுதான் மருந்து. கணினியின் சத்தத்திலும் வகைகள் உண்டு.

சீராக, காற்று வீசுவது போல ‘உஸ்ஸ்’ என்று வந்தால், காற்றாடி நன்றாகவே இருக்கிறது. வெப்பம்தான் அதிகம்.

‘கர்ர்’, ‘கடகட’ என்று அரைப்பது போல வந்தால், காற்றாடியின் அச்சு தேய்ந்திருக்கலாம். கணினியை மெதுவாகச் சற்றுச் சாய்க்கும்போது சத்தம் மாறினால், சந்தேகம் இன்னும் வலுவாகிறது.

‘டிக் டிக்’ என்று ஒரே தாளத்தில், காற்றாடியின் வேகத்தோடு கூடிக் குறைந்தால், முடியோ மின்கம்பியோ இறக்கையில் உரசுகிறது எனலாம்.

கொசு ரீங்காரம் போல மெல்லிய கீச்சொலி வந்தால், அது மின்சுருளிலிருந்து வருவதாக இருக்கலாம். எரிச்சலாக இருக்குமே தவிர, ஆபத்தில்லை.

இவற்றில் மிகவும் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பழைய கணினிகளில் சுழலும் வன்தட்டு இருக்கும். அதிலிருந்து ‘க்ளிக், க்ளிக்’ என்று சத்தம் வந்தால் காற்றாடியை மறந்துவிடுங்கள். முதல் வேலையாகப் படங்களையும் பாடக் கோப்புகளையும் வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். காற்றாடியைக் கடையில் வாங்கலாம். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களை எந்தக் கடையில் வாங்குவது?

காசு செலவில்லாத மருந்து

இரைச்சல் வெப்பத்தால்தான் என்று தெரிந்தால், செலவில்லாத வழிகளிலிருந்து தொடங்குவோம்.

ஒன்று, இடம். மெத்தை, தலையணை, சோபா, மடியில் விரித்த கைலி, இவற்றின் மேல் மடிக்கணினியை வைக்காதீர்கள். பெரும்பாலான கணினிகள் அடிப்பக்கத் துளைகளின் வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. கெட்டியான மேசையில் வைத்து, பின்பக்கத்துக்கு அடியில் இரண்டு போத்தல் மூடிகளை முட்டுக் கொடுத்தாலே காற்றுக்கு வழி கிடைக்கும். மடிக்கணினி என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்பதற்காக மடியில்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இரண்டு, வேலைப்பளு. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெக் கணினியில் ஆக்டிவிட்டி மானிட்டர் என்ற செயலி இருக்கிறது. செயலியின் சக்தியை எது அதிகம் தின்கிறது என்று அங்கே பார்க்கலாம். உலாவியில் முப்பது பக்கங்கள் திறந்தபடியே இருக்கும். பின்னணியில் நச்சுநிரல் சோதனை ஓடிக்கொண்டிருக்கும். பெரிய இற்றைப்படுத்தலுக்குப் பிறகு சிறிது நேரம் இரைவதும் சாதாரணம். அரை மணி, ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஆனால், எதையும் திறக்காத நிலையிலும் நாள்தோறும் செயலி முழு வேகத்தில் ஓடினால், களவாக யாரோ உங்கள் கணினியில் மின்னிலக்க நாணயம் உருவாக்கும் நிரலைப் புகுத்தியிருக்கவும் கூடும். திருட்டுப் பிரதி விளையாட்டுகளையும் இலவச மென்பொருள்களையும் கண்ட இடத்திலிருந்து இறக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்று, வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. விண்டோஸ் 11இல் அமைப்புகளுக்குள் மின்கலப் பகுதிக்குச் சென்று, பவர் மோட் என்பதை ‘பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி’ என்று மாற்றலாம். செயலியின் வேகம் சற்றுக் குறையும்போது அதற்குத் தேவையான மின்னழுத்தமும் குறைகிறது. மின்னழுத்தம் குறைந்தால் வெப்பம் அதன் இருமடி விகிதத்தில் குறையும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத அளவு வேகத்தை இழந்தாலும், காதுக்குத் தெரியும் அளவு அமைதி கிடைக்கிறது. கட்டுரை தட்டச்சு செய்யவும் காணொளி பார்க்கவும் முழு வேகம் எதற்கு? சந்தைக்குப் போய்வர விரைவுக் கார் தேவையில்லையே!

இங்கே காற்றாடியைப் பற்றி ஒரு கணக்கையும் தெரிந்துகொள்ளலாம். பொறியியலாளர்களின் பொது விதிப்படி, காற்றாடியின் வேகம் பாதியானால் அதன் ஒலி ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். ஆகவே உள்ளே சில டிகிரி சூட்டைக் குறைத்தாலும் வெளியே பெரிய நிம்மதி.

தூசு தட்டும் முறை

மேலே சொன்னதைச் செய்தும் இரைச்சல் குறையவில்லையா? மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் காற்று வெளியேறும் வாயில் பிடித்துப் பாருங்கள். காற்றாடி கத்துகிறது, காகிதமோ அசையவில்லை என்றால், வழி அடைத்திருக்கிறது.

கணினியை முழுமையாக அணையுங்கள், மின்னூட்டியைக் கழற்றுங்கள். கடைகளில் கிடைக்கும் அழுத்தக் காற்றுப் புட்டியை நிமிர்த்திப் பிடித்து, விட்டு விட்டுச் சிறிது சிறிதாக ஊதுங்கள். புட்டியைச் சாய்த்தால் குளிர்ந்த திரவம் தெறிக்கும். ஊதும்போது காற்றாடி பம்பரம் போலச் சுற்ற விடக்கூடாது, அச்சு கெட்டுவிடும். அடிமூடியைத் திறந்து செய்பவர்கள் மரக்குச்சியால் இறக்கையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டுத் தூசு உறிஞ்சியை உள்ளே நுழைக்க வேண்டாம். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கலாம். வாயால் ஊதவும் வேண்டாம். எச்சில் ஈரம் போய்ச் சேரும்.

ஆண்டுக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் போதும். தீபாவளிக்கு வீட்டை ஒட்டடை அடிக்கும்போது கணினியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

தூசு இல்லை, ஆனாலும் சூடு குறையவில்லை என்றால், செயலிக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே உள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். பழையதைத் துடைத்துவிட்டுப் புதியது தடவ வேண்டும். இது கைத்திறன் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. சில உயர்விலைக் கணினிகளில் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். சிந்தினால் கணினியே போய்விடும்.

செய்யவே கூடாதவை

காற்றாடியின் மேல் தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ விடாதீர்கள். இரண்டு நாள் சத்தம் அடங்கும். பிறகு அந்த எண்ணெயில் தூசு ஒட்டிக்கொண்டு, முன்பைவிட மோசமாகும்.

சூடு தணியக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும், நம் ஊரின் ஈரக்காற்று அதன் உள்ளே வியர்வை போல நீராகப் படியும்.

காற்றாடியின் இணைப்பைக் கழற்றிவிடுவது, மென்பொருளால் அதை நிறுத்தி வைப்பது, இரண்டும் தவறு. செயலி தன்னைத்தானே காத்துக்கொள்ளும். 100 டிகிரியை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும், மீறினால் அணைந்துவிடும். ஆனால், அதன் பக்கத்தில் இருக்கும் மின்கலத்தையும் அந்தச் சூடு பாதிக்கும். தொடர்ந்து சூட்டில் இருக்கும் லித்தியம் மின்கலம் விரைவில் மூப்படையும். சில வேளைகளில் உப்பும். தொடுதளம் மேலே எழும்பி நிற்பது, கணினி மேசையில் சமமாக உட்காராமல் ஆடுவது ஆகியவை அதன் அறிகுறிகள். அப்படிக் கண்டால் உடனே அணைத்து, மின்னூட்டுவதை நிறுத்தி, அழுத்தாமல், குத்தாமல் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். உப்பிய மின்கலம் தீப்பிடிக்கக் கூடியது. பிள்ளை தூங்கும் அறையில் அதை மின்னூட்டத்தில் விட்டு வைப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

கடைக்குப் போகும்போது

கோலாலம்பூரில் லோ யாட் பிளாசா, சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்கொயர் என்று கணினிக் கடைகளுக்குப் பெயர் பெற்ற இடங்கள் இருக்கின்றன. உங்கள் தாமானிலும் சிறு கடைகள் இருக்கும். எங்கே போனாலும் “சத்தம் வருது, பாருங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது வருகிறது, எப்படிப்பட்ட சத்தம், நீங்கள் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்தச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு போங்கள். கடையில் காட்டும்போது பார்த்து அது அமைதியாக இருந்துவிடும். விவரம் தெரிந்தவர் என்று புரிந்தால், தேவையில்லாத பாகத்தை உங்கள் தலையில் கட்டுவதற்கு யாரும் தயங்குவார்கள்.

கொடுப்பதற்கு முன் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். செலவு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பாகம் மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். தேய்ந்த காற்றாடியை மட்டும் மாற்றுவது, புதுக் கணினியின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை.

கணினி புதியது, உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் நீங்களே திறக்காதீர்கள். மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே புகார் செய்யலாம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, வாங்கிய ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் புதிது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், காற்றாடியே இல்லாத மடிக்கணினிகளும் இருக்கின்றன. 2020இன் இறுதியில் வந்த எம்1 சில்லு கொண்ட மெக்புக் ஏர் அப்படிப்பட்டது. ஆனால், காற்றாடி இல்லாத கணினி, கடினமான வேலை நெடுநேரம் தொடர்ந்தால் சூட்டைத் தாங்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் அது நல்ல தேர்வு. காணொளி தொகுப்பவருக்குக் காற்றாடியின் துணை வேண்டும்.

அதுவரை, இணைய வகுப்பிலோ நேர்முகத் தேர்விலோ இரைச்சல் அடுத்தவருக்குக் கேட்குமே என்று கூச்சப்படும் பிள்ளைக்கு ஒரு சிறு உதவி செய்யுங்கள். ஒலிவாங்கி பொருத்திய சாதாரணச் செவிக்கருவி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். வாய்க்கு அருகில் இருக்கும் ஒலிவாங்கி குரலைத்தான் முதலில் பிடிக்கும்.

கணினி பேசத் தெரியாத பொருள். சூடு தாங்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்று சொல்ல அதற்குத் தெரிந்த ஒரே மொழி அந்த இரைச்சல்தான். அந்தக் குரலை அடக்குவதற்கு முன், அது எதைச் சொல்கிறது என்று ஒரு நிமிடம் கேட்போம். மெத்தையிலிருந்து மேசைக்கு மாற்றுவதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டால், மிச்சப்படும் பணம் பிள்ளையின் அடுத்த பருவக் கட்டணத்துக்கு உதவுமே.